டப்பா சாஸ் வீட்டில் மிளகாய்

பாஸ்டன் பக்கத்து கார்வர் ஊரில், கிரான்பெரி என்கிற சிவந்த புளிப்புப் பழத்துக்கு வயல் வைத்திருப்பவர்களின் வீடுகளில் ஒரு வினோதம் உண்டு. வருடம் முழுக்கப் பழத்தோடு மல்லுக்கட்டுவார்கள். அறுவடை முடிந்து வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று மட்டும் கடையில் வாங்கிய கிரான்பெரி சாஸ் டப்பாவைத் திறந்து கவிழ்ப்பார்கள். டப்பாவின் அச்சு மாறாமல், வரி வரியாகச் சாஸ் அல்வாக் கட்டி மாதிரி தட்டில் வந்து நிற்கும். அந்த வரி பார்த்து வில்லை போட்டு ஆளுக்கொன்று. ஹார்லன் டில்சன் வீட்டில் இதற்கு மாற்றுப் பேச்சே கிடையாது. "உள்ள இருக்கறது நம்ம பழந்தானே" என்பார் கிழவர், ஏதோ டப்பாவையும் அவரே அடைத்த மாதிரி.

மருமகள் இடாலினா வளர்ந்த விதம் வேறு. அவளுடைய ஆட்கள் கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்து இதே வயல்களில் பழம் பறித்தவர்கள். அவர்கள் வீட்டில் கிரான்பெரி சாஸ் என்றால் மலகேட்டா மிளகாய் போட்டதுதான். நகம் அளவு மிளகாய், ஆனால் காதில் புகை வரவைத்துவிடும். கல்யாணமான முதல் வருடம் ஒரு கிண்ணம் நிறையச் செய்து கொண்டுவந்து வைத்தாள். ஹார்லன் கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தவர், "இது சாஸ் இல்லம்மா, தீயணைப்பு வண்டியக் கூப்பிடுற வேலை" என்றார். அதிலிருந்து அவள் கிண்ணத்துக்கு மேஜையின் கோடிதான் இடம். அவளும் அவள் புருஷன் வெஸ்லியும் மட்டும் தொட்டுக்கொள்வார்கள்.

இந்த வருடம் கிண்டல் செய்யவும் ஹார்லனுக்குத் தெம்பில்லை. வசந்தத்தில் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சட்டைக்கு மேலேயே தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. எல்லாப் பரிசோதனையும் செய்து ஒன்றும் அகப்படாத டாக்டர், இன்னும் எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். வெஸ்லி கெஞ்சினான், அதட்டினான். "பசிக்கலடா" என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டு கிழவர் நாளை ஓட்டினார்.

விருந்துக்கு முதல் நாள் காலையில் இடாலினா அடுப்படி மேஜையில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அறுவடைக்காக வயலில் தண்ணீர் கட்டிப் பழத்தை மிதக்கவிடுவதற்கு முன்பே வீட்டுக்கென்று உலர்வாகப் பறித்து வைத்த பழம். மேஜையில் போட்டால் நல்லது துள்ளும், கெட்டது பொத்தென்று உட்காரும். ஹார்லன் எதிரே உட்கார்ந்து, வயல்காரர்களுக்கே உரிய பழக்கத்தில் கைக்கு வந்ததை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"இந்த வருஷம் எப்படி மாமா?"

"சரியா ஏறியிருக்கு புளிப்பு."

சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். கை மட்டும் தடவிக்கொண்டு அவள் ஒதுக்கி வைத்த குவியலுக்குப் போனது. அழுகிப் பிசுபிசுத்த ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார், விழுங்கினார். முகம் சுளிக்கவே இல்லை.

"அருமை" என்றார்.

இடாலினா அந்தக் குவியலை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தினாள். அழுகின கிரான்பெரியைச் சின்னக் குழந்தைகூடத் துப்பிவிடும். ஹார்லனோ, ஒரு பழத்தைக் கடித்துவிட்டு அது வயலின் எந்த மூலையில் காய்த்தது என்று சொல்லக்கூடியவர். அறுவடைக்கு முன்னால் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் பழத்தோடு அவரைத்தான் தேடி வருவார்கள். இந்த வருடமும் வந்தார்கள். இவரும் மென்று தலையாட்டி அனுப்பினார். அடப்பாவி மனுஷா, அவ்வளவும் நடிப்பா? நாக்கு செத்துப்போனதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பட்டினி கிடக்கிறாரே என்று அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வெஸ்லியிடம் சொன்னால் அவன் ஊரைக் கூட்டிவிடுவான். அப்புறம் கிழவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அவள் மிளகாய்ச் சாடியை எடுத்தாள். உறைப்பு என்பது நாக்குக்கு விழுகிற அடி. அதை உணர ருசி தெரிய வேண்டியதில்லை.

சர்க்கரைத் தண்ணீர் கொதித்ததும் பழத்தைக் கொட்டினாள். தோல்கள் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தன. ஆரஞ்சுத் தோல் துருவல், இஞ்சி, பட்டை எல்லாம் வழக்கம்போல. மிளகாய் மட்டும் வழக்கமில்லை. எப்போதும் விதை நீக்கிக் கொஞ்சமாகப் போடுவாள். இன்றைக்கு ஒரு கைப்பிடி, விதையோடு. சூடாக இருக்கும்போது உறைப்பு பதுங்கித்தான் இருக்கும், ஆறி ஊறினால்தான் சுயரூபம் தெரியும். அது தெரிந்திருந்தும், போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இன்னும் கொஞ்சம் நறுக்கிப் போட்டாள்.

உள்ளே வந்த வெஸ்லி தும்மினான். "யாரக் கொல்லப் போற?"

"உங்கப்பாவ."

"ரொட்டியவே தொட மாட்டேங்குறாரு, இதயா தொடப்போறாரு?"

"நீ நாளைக்கு வாய மூடிட்டு இரு, போதும்."

மறுநாள் மேஜையில் வான்கோழி வந்தது, டப்பா சாஸ் வில்லைகளும் வந்தன. இடாலினா தன் கிண்ணத்தைக் கொண்டுபோய் மாமனார் தட்டை ஒட்டி வைத்தாள். பாஸ்டனிலிருந்து வந்திருந்த நாத்தனார் மார்னி, "அண்ணி, இடம் மாறி வெச்சுட்டீங்க" என்றாள். இடாலினா அதைக் காதில் வாங்கவில்லை.

"மாமா, எனக்காக ஒரு கரண்டி. வண்டி வேணும்னா நானே கூப்பிடுறேன்."

ஹார்லன் சிரிக்க முயன்றார். மருந்து குடிக்கிறவர் போல ஒரு கரண்டி நிறைய எடுத்து வாயில் போட்டார். மென்ற வாய் பாதியில் நின்றது. காது சிவந்தது, நெற்றி வியர்த்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

வெஸ்லி எழுந்தே விட்டான். "என்னடி போட்டுத் தொலைச்ச?" என்று கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினான். கிழவரின் கை அதன்மேல் பட்டென்று விழுந்தது.

"கைய எடுடா."

இன்னொரு கரண்டி எடுத்து வான்கோழித் துண்டின்மேல் போட்டுச் சாப்பிட்டார். இன்னொரு துண்டு.

"தெரியுது" என்றார். குரல் உடைந்தது. "வாயில ஒண்ணு இருக்குன்னு தெரியுது. அந்தக் காய்ச்சலுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியல. பழம், காப்பி, எல்லாம் மண்ணு. ஊர்ல அத்தன பேரும் பழத்தக் கொண்டாந்து கேட்டாங்க, அத்தன பேர்கிட்டயும் பொய் சொன்னேன். நாக்கு போச்சுன்னா அப்புறம் இந்த வயலுக்கு நான் எதுக்குன்னு..."

மார்னி அழுதுகொண்டு எழுந்துபோய் அப்பாவின் தோளைப் பிடித்தாள். வெஸ்லி அப்படியே உட்கார்ந்தான். இத்தனை மாதம் அப்பாவை அதட்டியதெல்லாம் அவன் முகத்தில் தெரிந்தது.

ஹார்லன் மருமகளைப் பார்த்தார். "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அழுகல் பழம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எனக்கென்ன தெரியும் மாமா? கை தவறி மிளகா கூட விழுந்துருச்சு."

"பொய் சொல்ற."

"நீங்க மட்டுந்தான் சொல்லணுமா?"

கிழவர் ஒரு கணம் அவளை முறைத்தார். பிறகு மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே காலித் தட்டை மகனிடம் நீட்டினார்.

"பாத்துக்கிட்டே இருந்தா எப்படிடா? பசிக்குது, வையி."