கடலுக்குப் போகாத நாள்

எங்கள் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும் வரை ஒரு கட்டுமரமும் கடலில் இறங்காது. மீன் கூடை தூக்கக் கூடாது. வேலைக்கென்று யாரும் குப்பத்து எல்லையைத் தாண்டவும் கூடாது. இது யார், எப்போது போட்ட கட்டுப்பாடு என்று கேட்டால் பஞ்சாயத்துக்குத் தலைவரான நாட்டார் திருமலைக்கே தெரியாது. ஆனால் மீறினால் என்ன தண்டனை என்று மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்.

திருவொற்றியூருக்கு வடக்கே இருந்த அந்தக் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். எழுபத்தொன்றாம் வருஷம் எண்ணூர் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் பக்கத்துச் சந்து எல்லப்பன் மார்வலி வந்து இறந்துபோனார். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். விசாகப்பட்டினத்தில் இருக்கும் அவர் தம்பி வந்த பிறகுதான் எடுப்பார்கள், அதற்குச் செவ்வாய் ஆகிவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

"போவாதடி மங்கை," என்றாள் என் அம்மா பச்சையம்மா. "உங்கப்பன் கடலோட போனப்போ மூணு நாளு ஒரு மரம் எறங்கல. குப்பமே கரையில நின்னுச்சு. அத்த மறந்துட்டுப் போவியா?"

"அதுக்காவ என் வேலைய வுட்டுடச் சொல்றியா?"

எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி தண்டபாணி மாமா குறுக்கே வந்தார். "போவட்டும் வுடுக்கா. எல்லப்பன் உசுரோட இருந்தா அவனே பஸ்ஸு ஏத்தி வுட்ருப்பான்."

திங்கள் காலை கிளம்பினேன். பஸ்ஸுக்கு எல்லப்பன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைக் கண்டதும் ஒப்பாரி நின்றது. அவர் மனைவி காசியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பஞ்சாயத்து எங்கள் வீட்டை ஒரு வருஷத்துக்கு ஒதுக்கி வைத்தது. யாரும் எங்களோடு பேசக் கூடாது, எங்கள் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. குப்பத்து ஏலத்தில் விற்பதற்கு மீன் எடுக்க முடியாமல் அம்மா காசிமேட்டுக்கு அலைந்தாள். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் தள்ளிப் போயின. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிழைக்கப் போனது ஒரு குற்றமா? என்றைக்காவது நாட்டாரை நிற்க வைத்துக் கேட்பதற்காக வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதம், மஞ்சள் காமாலையில் படுத்திருந்த தண்டபாணி மாமா ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். அம்மாவின் அழுகைச் சத்தம் குப்பத்துக்கே கேட்டிருக்கும். ஒரு கதவும் திறக்கவில்லை.

"எவனும் வர மாட்டான். நீயும் நானும்தான் தூக்கணும்," என்றாள் அம்மா.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனேன். அங்கிருந்து கரை தெரியும். மீன் நன்றாகப் படுகிற நேரம், அத்தனை மரமும் அப்போது கடலில் இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இறங்கவில்லை. எல்லாம் மணலில் கிடந்தன, பக்கத்தில் ஆண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குடத்தை வைத்துவிட்டு அங்கேயே அழுதேன். சேர்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

நான் திரும்பியபோது நாட்டார் எங்கள் சந்து முனையில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "தூக்க ஆளு கீது. வாசலாண்ட கொண்டாந்து வெச்சா போதும்."

அவருக்குப் பின்னாலேயே காசியம்மா வந்தாள்.

"ஏ காசி, எங்க போற? கட்டுப்பாடு கீது, தெரியும்ல?"

அவள் நிற்கவில்லை. அவரைத் தாண்டி வந்து, எங்கள் படியேறி, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நாட்டார் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

அன்று எனக்கு முதல் ஷிப்ட். கம்பெனிச் சங்கு ஊதியது கேட்டது. காசியம்மா மூக்கைச் சிந்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி, வேலைக்குப் போவலியா?"

"போவல அத்த." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு உன் வூட்டத் தாண்டிப் போனேனே..."

அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நாளிக்குப் போ," என்றாள்.