மாயக்கண்ணனின் முதல் வழக்கு

அறுபத்தொன்பதில், என் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் காரைக்குடிக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டுக் கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். 'துப்பறியும் மாயக்கண்ணன் வரிசையில் முதல் புத்தகம்' என்று போட்டிருந்தான். அட்டையில் ஒரு பெண் பிணம், அதற்கும் உதட்டுச்சாயம். "கல்யாணப் பொண்ணு வாசிக்கிற புஸ்தகமாடி இது?" என்று ஆத்தா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். கல்யாணப் பெண்ணாம்! என் அக்காள் நீலாயதாட்சி செத்து வருடம் திரும்பவில்லை. அவள் புருஷன் அழகுசுந்தரத்துக்கே என்னைக் கட்டிவைக்கப் போகிறார்கள். அவள் விட்டுப்போன கைக்குழந்தை சிகப்பியை வளர்க்க வேறு நாதியில்லையாம்.

புத்தகம் எழுதியவன் பட்டணத்து ஆள் போலிருக்கிறது. துப்பறிகிறவன் பக்கத்துக்குப் பக்கம் சிகரெட் பற்றவைக்கிறான். பங்களாக்காரரைக் கொன்றது மருமகன்தான் என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. இதற்கு ஒரு துப்பறிவாளன், அவனுக்கு ஒரு கார் வேறு! ஆனால் கடைசியில் மாயக்கண்ணன் ஒன்று சொல்கிறான். பொய் சொல்கிறவன் பெரிய விஷயத்தையெல்லாம் யோசித்துச் சரியாகச் சொல்லிவிடுவானாம், அன்றாடம் நடக்கிற சின்ன விஷயத்தில்தான் கோட்டை விடுவானாம். அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

பால் காய்ச்சும்போது சேலையில் தீப்பிடித்து ஆச்சி செத்தாள் என்றுதான் அவள் வாழப்போன கானாடுகாத்தானிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அக்காளை நாங்கள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெரிய வீட்டில் அண்ணன் தம்பி நாலு பேர். ஆளுக்கு ஓர் அடுப்பு, தனித்தனிச் சமையல். எங்களவர் வீடெல்லாம் அப்படித்தான். ஆனால் முன்னோருக்குப் படைப்புப் போடுகிற அன்று அந்த வீட்டில் ஓர் அடுப்பும் எரியாது. பங்காளிகள் எல்லாருக்கும் படைப்பு வீட்டில்தான் உலை, காப்பிகூட அங்கேதான். சாவதற்கு முந்தின வாரம் ஆச்சி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "வெள்ளிக்கெழம எங்க வீட்டுப் படைப்புடி சாலா. அன்னைக்கு ஒருநா எனக்கு அடுப்படி கெடயாது" என்று சிரித்தாள். கையில் கன்றிப்போன தடம். கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். அந்த வெள்ளிக்கிழமைதான் செத்தாள். அழுத அழுகையில் யாருக்குக் கிழமை நினைவிருந்தது?

அடப்பாவி! எந்த அடுப்பில் காய்ச்சினாளாம் பாலை?

அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து சாமியாடுவார், நேரே போலீசுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார். ஆத்தாதான் ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

"மெல்லப் பேசுடி. ஊரு கேக்கும்."

"கேக்கட்டும்! ஆச்சியக் கொன்னுட்டு எரிச்சிருக்காரு."

"தெரியும் சாலா," என்றார் அப்பச்சி. "தீப்புடிக்கிறதுக்கு முந்தியே உசுரு போயிருச்சுன்னு தூக்குனவுகளே சொன்னாக."

ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினேன்.

"தெரிஞ்சுமா என்னைய அங்குட்டு அனுப்புறீக?"

"கேசு கோர்ட்டுன்னு போனா மிச்ச ரெண்டு பொண்ணுக்கும் எவன் வருவான்? பேத்தி வேற அங்கன கெடக்கு. பேசி முடிச்சாச்சு."

"அவ வாயில்லாப் பூச்சி," என்று ஆத்தா என் தலையைத் தடவினாள். "நீ அப்பிடியா? வாயுள்ள பிள்ள பொழச்சுக்கும்."

பெற்ற வயிறு பேசுகிற பேச்சா இது! கையைத் தட்டிவிட்டேன். "வெட்டிப் போட்டாலும் நான் போகமாட்டேன்."

"சரி," என்றார் அப்பச்சி. குரல்கூட உயரவில்லை. "நீ வேணாம்னா சிட்டாளக் குடுக்குறேன். வாக்கு வாக்குதான்."

சிட்டாள் என் தங்கை. வயதுக்கு வந்தே ஆறு மாதம் ஆகவில்லை. முற்றத்தில் தாயம் உருட்டிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு, "என்ன சத்தம், ஆச்சி?" என்று என்னைக் கேட்டுக் குரல் கொடுத்தாள். "ஒண்ணுமில்ல, நீ வெளையாடு" என்றேன்.

தை மாதம் நான்தான் கழுத்தை நீட்டினேன். கல்யாணம் முடிந்து கானாடுகாத்தானுக்குப் போகும்போது காரில் சிகப்பி என் மடியில் தூங்கினாள். டிரைவர் பெட்ரோல் போட இறங்கினதும் அத்தானை நேருக்கு நேர் பார்த்தேன்.

"ஆச்சி எப்பிடிச் செத்தான்னு எனக்குத் தெரியும். எங்க அப்பச்சிக்கும் தெரியும்."

அவர் கோபப்படவில்லை. கழுத்து மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"தெரிஞ்சுதான குடுத்திருக்காக" என்றார்.