பெயர் ஒட்டிய அம்பு

மொராக்கோவில் எங்கள் மொழிப் பயிற்சி நிலையத்து இயக்குநர் சி லர்பி கெட்ட செய்தியைத் தேநீர் ஊற்றிக்கொண்டேதான் சொல்வார்.

"ஃபெஸ்ஸுக்கு நேர்ல வந்து படிக்கிற வெளிநாட்டுக்காரங்க கொறஞ்சுட்டாங்க, லல்லா ஸுஹூர். இனி எல்லாம் கணினியிலதான். அடுத்த மாசத்துலேருந்து அரபிக்கு ஒரு ஆள் போதும். நீங்களா ப்திஸாமான்னு மாசக் கடைசியில சொல்றேன்."

இயக்குநரே 'லல்லா' என்று மரியாதையோடு அழைக்கும் நான் இருபத்திரண்டு வருடமாக அங்கே அரபி கற்பிக்கிறேன். ப்திஸாம் வந்து நாலு வருடம். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள். நேர் வகுப்பில் அவளை ஒரு பொருட்டாகவே நான் நினைத்ததில்லை. கணினி வந்ததும் கதை மாறியது. நான் ஒலிவாங்கியைத் தெரியாமல் அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். மாணவர்கள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பாவிகள். அவள் வகுப்பிலிருந்தோ சுவர் தாண்டிச் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

எங்கள் இருவருக்கும் கணினியில் தனித்தனித் திரைப்பலகை உண்டு. மாணவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே அதில் எழுதலாம், படங்களை நகர்த்தலாம். நிலையத்து ஆசிரியர் யாரும் யாருடைய பலகையையும் திறக்க முடியும் என்பதை ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அன்று முதல் அவள் வகுப்பு நேரத்தில் அவள் பலகையில்தான் இருந்தேன். திரையில் நகரும் ஒவ்வொரு மாணவனின் சுட்டி அம்பிலும் அவன் பெயர் ஒட்டியிருந்தது. என் அம்பில் பெயர் இல்லை. அதனால் நான் யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்று நம்பினேன்.

முதல் நாள் பலகையில், ரவையைக் காய்கறியோடு வேகவைக்கும் கூஸ்கூஸ் பானையின் படம். மாணவர்கள் காய்களை ஒவ்வொன்றாகப் பானைக்குள் இழுத்துவிட்டு, செய்ததை அரபியில் எழுதினார்கள். எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று பல்லைக் கடித்தேன். கேரட்டோடு சேர்த்தே பூசணியையும் போட வைத்திருந்தாள். குழைந்து கூழாகிவிடுமே, சமையல்கூடத் தெரியாதவள் என்று அந்தப் பூசணி மேலேயே அம்பை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். மறுநாள் பூசணி கடைசிக்குப் போயிருந்தது. அந்தச் சந்தோஷமும் போயிற்று. மூன்று வாரம் போனேன். நாளுக்கு நாள் பாடம் மெருகேறிக்கொண்டே வந்தது. அவள் உத்தியைத் திருடலாம் என்று போன எனக்கு, பார்த்துப் பார்த்துப் புழுங்கியதுதான் மிச்சம்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. சி லர்பி அவர் அறையில் தொலைபேசியில் இருந்தார். வெள்ளிதோறும் நிலையத்தில் எல்லாரும் சேர்ந்து உண்ணும் பெரிய கூஸ்கூஸ் தட்டின் முன் அன்று நானும் ப்திஸாமும் மட்டும். அவள் தன் பக்கத்துக் கறித்துண்டை என் பக்கம் தள்ளினாள். ஜெயித்தவளின் தாராளம் என்று நினைத்தேன்.

"சாப்பிடுங்க லல்லா. நான் சி லர்பிகிட்ட சொல்லிட்டேன், எனக்கு இந்த வேலை வேணாம்னு."

"ஏன்?"

"என்னால முடியல. தெனமும் நீங்க வந்து சோதிக்கிறீங்க. உங்க பேரு பலகையில தெரிஞ்சதுமே எனக்குப் பாடமே மறந்துடுது."

"என் பேரா?"

"ஆமா, எல்லாருக்கும் தெரியுமே. நம்ம அம்புல இருக்கிற பேரு நமக்கு மட்டுந்தான் தெரியாது. அன்னிக்குப் பூசணி மேலயே நின்னீங்க, தப்புன்னு புரிஞ்சு மாத்தினேன். நீங்க எங்க நின்னாலும் அதைத் திருத்தியே மூணு வாரம் ஓடிப்போச்சு. இனி நீங்களே எடுத்துக்குங்க."

நான் ஏங்கிய வேலை தட்டில் என் பக்கம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு மென்றால் போதும். மென்றேன். மீதிக் கறியை அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"நான் சோதிக்க வரல" என்றேன். "வயித்தெரிச்சல்ல வந்தேன்."

"யாரு மேல?"

"வேற யாரு, உன் மேலதான்."

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அப்போ... என் பாடம் நல்லாவா இருந்துச்சு?"

இருபத்திரண்டு வருடத்தில் சக ஆசிரியர் யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை அது.

"நல்லா இருந்துச்சு."

"எது?"

அதையும் கேட்கிறாள் பாருங்கள். "எல்லாமே" என்றேன்.

அவள் முகம் மலர்ந்த அழகைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எழுந்தாள். கைகூடக் கழுவாமல், விரலில் ஒட்டிய ரவையோடு சி லர்பியின் அறைக்கு வேகமாக நடந்தாள். வேண்டாம் என்று சொன்னதை மாற்றத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் அவளைக் கூப்பிடவில்லை.