சிக்னல் பார்க்கப் போன சனிக்கிழமை

ஜனவரிக் கடைசி ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த உடுப்போடேயே என் கணவர் கஸ்பர் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு வரைபட மாப்பை விரித்தார். அது திரும்பத் திரும்பச் சுருண்டது. நான்கு மூலைக்கும் நான்கு தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்தார். ஹலிபேட்டன் பக்கத்து ஸ்னோமொபைல் பாதைகள் பச்சைக் கோடுகளாக ஓடின. பனியில் ஓடும் மோட்டார் வண்டிகளுக்காக, பனி விழவிழ இயந்திரத்தால் வாரி அமுக்கி மட்டமாக்கி வைக்கும் பாதைகள். காட்டுக்குள்ளால், உறைந்த ஏரிகளுக்கு மேலால், ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு.

"மூண்டு நாள், நூற்றெண்பது கிலோமீற்றர். டேவ் முழுத் திட்டத்தையும் என்னட்டைத்தான் விட்டிருக்கிறான்."

டேவ் அவருடைய சுப்பர்வைசர். மிசிசாகாவில் விமானச் சரக்குக் கிடங்கில் கஸ்பருக்கு அது பதினோராவது வருஷம். மணக்கிறது என்று யாரோ ஒருமுறை சொன்னதற்காகப் பத்து வருஷம் தன் சோற்றைக் காருக்குள் இருந்து சாப்பிட்டவர். அந்தக் குளிர்காலத்தில்தான் அவரையும் கூப்பிட்டார்கள். பெப்ரவரி நடுவில், குடும்ப தின விடுமுறைக்கு, ஆறு ஆண்கள். குடும்ப தினத்துக்குக் குடும்பத்தை விட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நான் கேட்டது வேறு. "அங்க உங்கட போனுக்குச் சிக்னல் எடுக்குமோ?"

என் தம்பி ஜூலியன் மனைவியோடும் பிள்ளையோடும் வன்னிக்குள் இருந்தான். யுத்தத்தால் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து எட்டாவது இடமோ ஒன்பதாவது இடமோ. எங்களால் அவனுக்குக் கோல் எடுக்க முடியாது. அவன்தான் எடுக்கவேண்டும். அவனுக்குப் பாடமாயிருந்தது கஸ்பரின் நம்பர் ஒன்றுதான். கனடா வந்த நாளிலிருந்து அவர் அதை மாற்றவில்லை. ஜனவரி தொடக்கத்தில், யாரோ ஒருவரின் சற்றலைற் போனுக்கு வரிசையில் நின்று ஒரு நிமிஷம் கதைத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், கிழக்கே நகர்கிறோம், போய்ச் சேர்ந்ததும் இடத்தைச் சொல்லுறன் என்றான். இடம் தெரிந்தால் ஏதாவது செய்து பார்க்கலாம் என்று மன்னாரில் ஒரு பாதர் சொல்லியிருந்தார். நான் என் நம்பரைச் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது இலக்கத்தில் லைன் அறுந்துவிட்டது.

"எடுக்கும் எண்டுதான் விடுதிக்காரன் சொன்னவன்," என்றார் கஸ்பர்.

"அவனுக்கென்ன, அறை போனாச் சரி. போனை என்னட்டை விட்டிட்டுப் போங்கோவன்."

"ஆறு பேருக்கும் இந்த நம்பரைத்தான் குடுத்திருக்கிறன். காட்டுக்குள்ள வழி மாறினா ஆரைக் கேக்கிறது? உம்மையோ?"

"ஏன், அங்க நிக்கிற கரடியைக் கேளுங்கோ."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அப்ப ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ," என்றேன். "ஆரின்ரை சொல்லையும் நம்பாமல்."

அதைச் சொன்னது நான்.

போகிற கிழமையில் அவர் வொய்ஸ் மெயிலுக்குப் புதிதாகக் குரல் பதிந்தார். வேலையிடத்து ஆட்கள் எடுப்பார்கள், மரியாதையாக இருக்கவேண்டும் என்றார். அடுப்புக்கு மேலே இரைகிற காற்றாடியை நிறுத்தச் சொல்லிவிட்டு மூன்றுமுறை பதிந்தார். "ஹாய், திஸ் இஸ் கஸ்பர்" என்று தொடங்கி, கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. பழைய பதிவில் சிரிப்பு இருக்கவில்லை.

பெப்ரவரி ஏழாம் திகதி, சனி, விடிய ஐந்து மணிக்குக் காரை எடுத்தார். என்னுடைய போன் வேறு கொம்பனி. அது அங்கே எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். அவருடையதைத்தான் கொண்டுபோகவேண்டும், அதைத்தானே பார்க்கப் போகிறார். அந்த ஒரு நாளைப் பற்றி நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு மூக்குச் சிவக்க வந்தார். பாதை றோட்டைக் கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நின்று பார்த்திருக்கிறார். மாப்பில் பதினொரு சிவப்பு வட்டங்கள், போன் எடுக்கிற இடங்கள். எடுக்காத இடங்களுக்குப் புள்ளடி. கிடங்கில் எந்தப் பெட்டிக்கும் நேரம் எழுதுகிற பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரமும் எழுதியிருந்தார்.

"முதல்நாள் விடுதியிலதான் இல்லை. ரெண்டு மணித்தியாலம் சுத்திப் பாத்தன், பள்ளம். அதை மாத்திப்போட்டன். இனி உமக்கு யோசனையில்லை."

மேசையில் வைத்த போனில் தகவல் வந்திருக்கிற அடையாளம் தெரிந்தது. டேவாக இருக்கும் என்று சத்தமாகப் போட்டார்.

"அத்தான்? அத்தான், நான் ஜூலியன்." பின்னால் காற்றோ வேறேதோ இரைந்தது. "ஹலோ. நீங்கள் கதைச்சது கேட்டது அத்தான். இப்ப கேக்கேல்லை. நான் கதைக்கிறது கேக்குதோ?" கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. "அக்கா பக்கத்தில நிக்கிறாவோ? அக்கா? ஹலோ." யாரோ, முடியுது தம்பி, மற்றாக்கள் நிக்கினம் என்றார்கள். "சிரிச்சுக் கேட்டது, இப்ப ஒண்டையும் காணேல்லை," என்று அவன் அந்த ஆளிடம் சொன்னான். அத்தோடு முடிந்தது.

ஐம்பத்திரண்டு வினாடி. இடத்தைச் சொல்ல ஒரு சொல் போதும். வொய்ஸ் மெயில் என்று ஒன்று இருக்கிறது, ஆளில்லாவிட்டாலும் பேசலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பதில் வரட்டும் என்று மரியாதையாகக் காத்துநின்றிருக்கிறான்.

தகவல் வந்த நேரம் காலை ஒன்பது மணி பத்து நிமிஷம். நான் மாப்பைப் பார்த்தேன். முதல்நாள் விடுதி, புள்ளடி, எட்டு நாற்பது. அடுத்த வட்டம், பத்து ஐம்பது.

அதன்பிறகு கஸ்பர் இரண்டுதரம் என் அறைவாசலில் வந்து நின்றார். நான் மடியில் புத்தகத்தை விரித்தபடி ஒரே பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாள், "நான் போகேல்லை, டேவுக்குச் சொல்லுறன்," என்றார்.

"போங்கோ. வழி உங்களுக்குத்தானே தெரியும்."

அது மன்னிப்பில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் போனார். போனை என்னிடம் விட்டுவிட்டு, மாப்பின் பிரதி ஒன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டு.

மூன்று நாளில் போன் ஒரேயொரு தடவை அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். பிந்திக் கிளம்பிய பீற்றர் என்கிறவன், வழி மாறி எங்கோ பெற்றோல் நிலையத்தில் நின்றான். நான் மாப்பைப் பார்த்து இடம் வலம் சொன்னேன். கஸ்பர் மாற்றிவிட்ட பழைய விடுதிப் பக்கத்தால் குறுக்கே வரலாமோ, தேவையென்றால் அங்கிருந்து கூப்பிடுகிறேன் என்றான். அங்கே எடுக்காது என்றேன். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டான். நிச்சயம் என்றேன்.

மார்ச்சில், வெக்ஸ்போர்ட்டில் என்னோடு மருந்துக்கடையில் வேலைசெய்கிற சந்திரவதனாவிடம் இதைச் சொன்னேன். அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். "போற நேரம் அவற்றை போனுக்கு வாற கோலை உங்கட நம்பருக்குத் திருப்பிவிட்டிருக்கலாமே அக்கா. மூண்டு பொத்தான்தானே," என்றாள். எனக்குத் தெரியாது. கஸ்பருக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மே மாதம் யுத்தம் முடிந்தது என்றார்கள். முகாம்களிலிருந்து வந்த பெயர்ப்பட்டியல்களில் ஜூலியன் இல்லை, மனைவி இல்லை, பிள்ளை இல்லை. போன் ஜூலியிலும் ஓகஸ்ற்றிலும் அடித்தது, எல்லாம் கிடங்கு ஆட்கள். வொய்ஸ் மெயிலை மூன்று கிழமைக்கு ஒருமுறை திரும்பச் சேமிக்காவிட்டால் அழிந்துவிடும். நான் சேமித்துக்கொண்டு வந்தேன். சேமிக்கவேண்டுமானால் முதலில் முழுவதையும் கேட்கவேண்டும்.

டிசம்பரில் டேவ் திரும்பவும் கஸ்பரிடம் திட்டத்தைக் கொடுத்தான். அவர் அலுமாரிக்கு மேலிருந்து அந்த மாப்பை எடுத்து விரித்து, நான்கு மூலைக்கும் கோப்பைகளை வைத்தார். புதிய பாதை ஒன்றைப் பேனையால் இழுத்துப் பார்த்தார். அது பள்ளத்துக்குள்ளால் போயிற்று.

"இதில போனா ஏரி வடிவாத் தெரியும்," என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "இந்தமுறை சிக்னல் பாக்கத் தேவையில்லை."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்த மூன்று பொத்தான்களைப் பற்றிச் சொன்னேன். எந்த மூன்று என்பதையும் சொன்னேன்.

கஸ்பர் பேனையை மூடினார். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்களைக்குக் கொண்டுபோனார். நாலாவதை எடுத்ததும் மாப் சுருண்டுகொண்டது.