நான்கில் மூன்று கொடிகள்

குமுதவல்லி பழ ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் திராட்சையைக் கலப்பினம் செய்துகொண்டிருந்தாள். கடைசியில் ஒரு கொடியில்தான் கடித்தால் நறுக்கென்று உடையும் பழம் காய்த்தது.

தூத்துக்குடிப் பழ வியாபாரி இசக்கியப்பன் அதைத் தின்று பார்த்தார். தோணியில் கொழும்புக்கு அவர் அனுப்பும் திராட்சையெல்லாம் மூன்றாம் நாளே கூடையில் நசுங்கிவிடும்.

"இது கடல் தாண்டுத பழம், டாக்டரம்மா. எனக்கு முந்நூறு கொடி வேணும்."

அத்தனைக்கும் குச்சி வெட்ட அந்த ஒரு கொடி போதாது. குச்சியால் பெருக்கினால் இரண்டு வருஷம் ஆகும்; அதுவரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. அவளுக்கும்தான். அதன் விதையில் முளைத்த எட்டுக் கன்றுகளில் ஆறு, கெட்டியான பழம் காய்த்திருந்தன. நான்கில் மூன்று என்ற அந்தக் கணக்கை வைத்தே, கெட்டித்தன்மைக்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். எட்டுக் கன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று மேலதிகாரி எச்சரித்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"விதைக் கன்றே வைங்க அண்ணாச்சி. நாலுல மூணு கெட்டியா வரும்."

மாப்பிள்ளையூரணியில் தன் தோட்டத்தில் காய்த்துக்கொண்டிருந்த முருங்கையை வெட்டிவிட்டு, 1978இல் அவர் கன்றுகளை நட்டார்.

மூன்றாம் வருஷம் ஆள் அனுப்பினார். குமுதவல்லி போனபோது பந்தலெங்கும் பழம் தொங்கியது. ஒன்றைப் பறித்து விரலால் அழுத்தினாள். கூழாக வழிந்தது. அழுத்தி அளக்கும் கருவியோடு இரண்டு நாள் கொடி கொடியாக நடந்தாள். சில கூழ், சில நடுத்தரம், சில கொஞ்சம் கெட்டி. எங்கேயும் கோடு கிழித்துப் பிரிக்க முடியவில்லை. ஒரு மரபணுவல்ல, பல சேர்ந்து நடத்தும் காரியம் இது. நறுக்கென்று உடையும் பழம் பதினேழு கொடிகளில்தான் இருந்தது.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. எட்டுக் கன்றைப் பார்த்துட்டு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

 இசக்கியப்பனின் மனைவி சீனித்தாய் கேட்டாள்: "ஏம்மா, எங்க முருங்கைய வெட்டச் சொல்லுததுக்கு முன்னால, ஒங்க தோட்டத்துல நட்டுப் பாத்திருக்கக் கூடாதா?"

 

குமுதவல்லி அந்தப் பதினேழு கொடிகளின் குச்சியை மற்றவற்றில் ஒட்டுக் கட்டித் தருவதாகச் சொன்னாள்.

"கட்டுங்க," என்றார் அவர். "ஆனா எத்தன பிடிக்கும்னு மட்டும் சொல்லாதீய."

தினமும் பஸ் பிடித்து வந்து தன் கையாலேயே ஒட்டுக் கட்டினாள். பாதிதான் பிடித்தது. நிலையத்துக்கு எழுதிய அறிக்கையில், தன் பழைய முடிவு பிழையானது என்பதை முதல் வரியிலேயே எழுதினாள்.

இரண்டு வருஷம் கழித்து, அந்தத் தோட்டத்துப் பழம் கொழும்புக்கு நசுங்காமல் போய்ச் சேர்ந்ததை வேறொரு வியாபாரி சொல்லித்தான் அறிந்தாள். இசக்கியப்பன் நிலையத்துப் பக்கம் மறுபடி வரவேயில்லை.