மெசினும் மனுசனும்

சாணி மெழுகிய தரையில் தையல் மெசினின் இரும்புக் கால்கள் அழுந்தியிருந்த நாலு குழிகள், அவற்றையே பார்த்தபடி கலைவதனி நிற்கிறாள், அவளும் மகளும் கோயிலுக்குப் போன இடைவெளியில் பின்கதவை நெம்பி மெசினைத் தூக்கியிருக்கிறார்கள், பட்டப்பகலில், இராணுவ முகாம் வாசலைத் தாண்டாமல் அந்தத் தெருவால் ஒரு வாகனமும் போகமுடியாது, போயிருக்கிறதே, பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துத் தைத்து இரண்டு வயிறுகளை வளர்த்த மெசின், பக்கத்துவீட்டுச் செல்வநாயகி ஓடிவந்து, பொலிசிட்டைச் சொல்லு பிள்ளை, முந்தின காலம் இல்லையே, சந்திக்குச் சந்தி ஆமி நிக்குது, என்ன பயம் என்கிறாள், ஆமி நிற்பதால்தான் இருட்டுமுன் இருவருமே கதவைச் சாத்துகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பான பெரியவர் சிங்களத்தில் கேட்க, தமிழ்ப் பொலிஸ்காரன் ஒருவன், இளம்பெடியன், அதைத் தமிழில் சொல்கிறான், வீட்டிலை ஆர் ஆர் அக்கா, நானும் மகளும் தம்பி, அப்ப புருசன், புருசன் என்றதும் பாலத்தடி வெயில் முகத்தில் அடிக்கிறது, சண்டை முடிந்த அந்தக் காலை, தோளில் இருந்த குழந்தையை இறக்கி அவள் கையில் தருகிறான் உதயசீலன், ஒருநாள் எண்டாலும் இயக்கத்திலை இருந்தவையை ஆமி வரட்டாம், விசாரிச்சிட்டு விடுவினமாம், நீ முன்னாலை போ என்று ஆமியின் பஸ்ஸில் ஏறுகிறான், இன்னமும் ஏறிக்கொண்டே இருக்கிறான், கம்பியைப் பிடித்த அந்தக் கை, அக்கா, புருசன் எங்கை எண்டு சேர் கேக்கிறார், பாலத்தடியிலை ஆமியிட்டைக் குடுத்தனான் என்கிறாள்.

சில நாளில் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வர, மெசின் கிடைத்துவிட்டதென்று முந்தானையில் கையைத் துடைத்துக் கதிரை போடுகிறாள், அவர்கள் கேட்டதெல்லாம் உதயசீலனை, எந்தப் பிரிவிலை இருந்தவர், வெளிநாட்டிலை இருந்து ஆர் கதைக்கிறது, மகளின் பெயர், படிக்கிற பள்ளிக்கூடம், மெசின் ஐயா என்றால், அது பொலிசின்ரை வேலை, நாங்கள் புலனாய்வு, போகும்போது ஒருவன் மகளையும் படம் எடுத்துக்கொண்டான். ஏனம்மா போய்ச் சொன்னனீங்கள், போனது போகட்டும் எண்டு இருந்திருக்கலாம், நான் இனி ரியூசனுக்குப் போகமாட்டன் என்று மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், இவள் விடிந்ததும் சேலையை மாற்றிப் பொலிஸ் நிலையத்துக்கு நடக்கிறாள்.

அதே பெரியவர், அதே பெடியன். தம்பி, உங்கடை சேரிட்டைச் சொல்லு, மனுசனைத் தேடித் தாங்கோ எண்டு எத்தினை வருசம் எத்தினை வாசலிலை நிண்டனான், ஒருத்தரும் தேடேல்லை, இப்ப மெசினைத் தேடச் சொன்னா மனுசனைத் தேடிக்கொண்டு என்ரை வீட்டை வாறியள், குடுத்தது உங்களிட்டை, உங்கடை வீட்டிலை தேடுங்கோ. பெரியவர் பெடியனைப் பார்க்கிறார், பெடியன் சிங்களத்தில் சுருக்கிச் சொன்னதில் மெசின் என்ற சொல் மட்டும் அவளுக்குக் கேட்டது, முழுக்கச் சொல்லு தம்பி என்கிறாள், அவன் மேசைப்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, அதைச் சொன்னா என்னையும் உங்களோடை சேர்த்துத்தான் பாப்பினம் அக்கா, வீட்டை போங்கோ, என்கிறான், அந்தச் சீருடைக்குள்ளும் அதே பயம், அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை, ஆனால் அவள் போகவில்லை, சுவரோரத்து மரவாங்கில் போய் இருந்தாள், முழுக்கச் சொல்லக்கூடிய யாராவது ஒருவர் வேலைக்கு வரும்வரை இருக்கிறதென்று.