அண்டைக் கதவில் ஐந்து ஆணிகள்

காலை ஏழு மணிக்குப் பென்கா காபிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அண்டைக் கதவை முழங்கையால் தள்ளித் திறந்து வருவாள். வெல்கோ அதற்குள் வால்நட் மரத்தடி மேசையில் இரண்டு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். அவருக்கு எழுபத்து மூன்று வயது, மனைவி போய் ஆறு வருடம். பென்கா அவரைவிட எட்டு வயது இளையவள். அவளும் தனிக்கட்டைதான்.

"வெல்கோ அண்ணா, நேத்து ராத்திரி இருமிக்கிட்டே இருந்தீங்க. என் கட்டில் வரைக்கும் கேட்டுச்சு."

"உன் குறட்டை என் சமையலறை வரைக்கும் கேக்குது. நான் ஏதாவது சொன்னேனா?"

எங்கள் பக்கத்து ஊர்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே மதில் எழுப்பினால், அதில் ஒரு சின்னக் கதவும் வைப்பார்கள். உப்புக்கும் நெருப்புக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாமே! அதுதான் அண்டைக் கதவு. அதற்குக் கொக்கி உண்டு, பூட்டு கிடையாது. சண்டை வந்தால் பேச்சை நிறுத்துவார்களே தவிர, கதவை அடைக்க மாட்டார்கள். ஒருவன் அதில் ஆணி அடித்தான் என்றால், 'இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்' என்று ஊரறியச் சொல்லிவிட்டதாக அர்த்தம்.

வெல்கோவின் மகன் ஸ்டானிமிருக்கு இது தெரியாததல்ல. சிறுவயதில் அந்தக் கதவு வழியாகத்தான் ஓடிப் போய்ப் பென்கா சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்தான். ஆனால் தலைநகரான சோஃபியாவுக்குப் போய், ஒரு கிடங்கில் மேற்பார்வையாளனாகி, இருபது வருடம் அடுக்குமாடியில் இருந்தவனுக்கு எதிர்வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாது.

அக்டோபரில் தெருக்கோடி வீட்டில் திருட்டுப் போயிற்று. மரம் அறுக்கும் இயந்திரமும், குளிர்காலத்துக்கு அடுக்கிய விறகில் பாதியும் காணவில்லை. செய்தி கேட்ட ஸ்டானிமிர் நேராகக் கேமராக் கடைக்குப் போனான். இருட்டிலும் தெரியும், போனில் பேசினால் வீட்டில் கேட்கும், ஆள் ஏறிக் குதித்தால் சைரன் ஊளையிடும் என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"உங்களுக்கு முக்கியமா எதப் பாக்கணும் சார்?"

"தெருக்கதவு, வீட்டு வாசல், விறகுக் கொட்டகை" என்றான் ஸ்டானிமிர். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அவன் வாயில் வரவில்லை.

சனிக்கிழமை, கேமரா மாட்டுகிற ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். அந்த ஆள் ஏணியில் நின்றபடி தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"மூணு கேமரா போதும் சார். ஆனா பின்னாடி அந்தச் சின்னக் கதவுதான் இடிக்குது. அங்க ஒண்ணு மாட்டினா, மரக்கிளை ஆடுறதுக்கெல்லாம் உங்க போன் கத்தும்."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"அடைச்சிருங்க. திருட்டுல பாதி தெரிஞ்சவங்க வேலைதான்."

வெல்கோ மகன் கையிலிருந்த பலகையைப் பிடித்துக்கொண்டார். "டேய், அது பென்கா வர்ற வழிடா."

"தெருக்கதவு வழியா வரட்டும்பா. சுத்தி வந்தா காலா தேஞ்சிடும்?"

"சுத்துறது இல்லடா பிரச்சினை. ஆணி அடிக்கிறது அவ காதுல விழும்."

"விழட்டும். நான் அங்க நிம்மதியா தூங்க வேணாமா?"

தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையோடு அந்நியன் முன்னால் மல்லுக்கட்ட வெல்கோவுக்குக் கூச்சமாக இருந்தது. பலகையை விட்டுவிட்டார். ஸ்டானிமிர் இரண்டு பலகைகளைக் குறுக்கே வைத்து ஐந்து நீள ஆணிகளை அடித்தான். தெருக்கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டான்.

மதிலுக்கு அந்தப்புறம், சுட்டுத் தோலுரித்த குடைமிளகாய்த் தட்டோடு வந்துகொண்டிருந்த பென்கா அப்படியே நின்றாள். ஐந்து ஆணியும் அடித்து முடியும் வரை நின்றாள். தெருவில் திருட்டுப் போன வாரம் அது. அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? "என்னைத் திருடின்னு நெனச்சுட்டாங்க" என்று தன் கோழிகளிடம் சொல்லிவிட்டு, தட்டோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் காபி வரவில்லை. நான்கு நாள் இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்த வெல்கோ, ஐந்தாம் நாள் ஒன்றைத்தான் கழுவினார். ரொட்டி வண்டி வரும்போது இருவரும் பார்த்துக்கொள்வார்கள். பென்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெல்கோ போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? என் வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை என்றா? ரோஷம் என்பது இரண்டு பக்கமும் இருந்தால், கதவுக்கு ஆணியே தேவையில்லை.

முதலில் கொஞ்ச நாள் கேமரா நல்ல வேடிக்கையாக இருந்தது. "அப்பா, குல்லா எங்க?" என்று சுவரிலிருந்து மகன் குரல் வந்ததும் வெல்கோ பயந்து வாளியைக் கீழே போட்டுவிட்டார். பிறகு அவருக்கு அது பழகிவிட்டது. காலையில் குல்லாவைத் தூக்கி அதற்கு வணக்கம் வைப்பார். கோழிக்கூட்டிலிருந்து வந்ததும் உள்ளங்கையை நீட்டுவார். "பாருடா, இன்னைக்கு நாலு."

ஆனால் பூனை போனாலும் போன் அடித்தது, பனி விழுந்தாலும் அடித்தது. "உங்கப்பா வீட்டுக் கோழி முட்டை போட்டாக்கூட உனக்குத் தந்தி வருதாடா?" என்று கிடங்கில் கேலி செய்தார்கள். ஸ்டானிமிர் சத்தத்தை அணைத்துவிட்டான். சைரனை மட்டும் விட்டு வைத்தான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒலிபெருக்கியில் பேசுவதும் நின்றுபோயிற்று. வெல்கோ மட்டும் தினமும் முட்டையைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

பிப்ரவரிக் கடைசியில் மன்னிப்பு ஞாயிறு வந்தது. நோன்புக்கு முன்னால் சிறியவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய், கையை முத்தமிட்டு, "மன்னிச்சிருங்க" என்று சொல்லும் நாள். "கடவுள் மன்னிக்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு எல்லாரும் வெள்ளை அல்வா தின்பார்கள். அண்டை அயலாரும் அன்று மனக்கசப்பைத் தீர்த்துக்கொள்வதுண்டு.

ஸ்டானிமிர் வரவில்லை. "ரோடெல்லாம் ஐஸ்பா. கேமராலயே சொல்லிடறேன்" என்றான் போனில்.

வெல்கோ முந்தின நாளே ரொட்டி வண்டியில் அல்வா வாங்கி, இரண்டு தட்டில் வைத்திருந்தார். ஞாயிறு பதினோரு மணிக்குச் சுத்தியலோடு வெளியே வந்தவர், வாசல் கேமராவின் முன்னால் நின்று குல்லாவைத் தூக்கினார்.

"ஸ்டான்யோ, கோவிச்சுக்காதடா. அந்தக் கதவத் தொறக்கப் போறேன். பென்காகிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீ பண்ணினதுக்கும் சேத்துக் கேட்டுக்கறேன்."

வீட்டுக்குப் பின்னால் போனார். எந்தக் கேமராவும் பார்க்காத இடம் அதுதான். சுத்தியலின் பிளவில் கொடுத்து மூன்று ஆணிகளை இழுத்தார். நான்காவது அசைய மறுத்தது. முழு பலத்தையும் போட்டு இழுத்தபோது காலடியில் பனிக்கட்டி வழுக்கியது. விழுந்ததும் இடுப்பில் ஏதோ முறிந்தது அவருக்கே கேட்டது.

கூப்பிட்டுப் பார்த்தார். குளிருக்காகப் பென்கா ஜன்னல்களை அடைத்திருந்தாள். கைக்கெட்டிய சுத்தியலை எடுத்துப் பலகையில் தட்டினார். மூன்று தட்டு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி மூன்று தட்டு.

அந்தச் சத்தம் பென்காவுக்குக் கேட்டது. அடுப்படியில் நின்றிருந்தவளுக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. "இன்னும் ஆணி அடிக்கிறாரா? நல்ல நாளும் அதுவுமா?" என்று சொல்லிக்கொண்டே போய் ரேடியோ சத்தத்தைக் கூட்டினாள்.

மாலை ஆறு மணிக்கு ஸ்டானிமிர் போனைத் திறந்தான். முற்றம் காலியாக இருந்தது. 'இன்று சந்தேகத்துக்குரிய நடமாட்டம் இல்லை' என்று திரையில் எழுதியிருந்தது. காலையில் பதிவானதைத் திறந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியை அழுத்தினான்.

"அப்பா, மன்னிச்சிருப்பா."

பதில் இல்லை. சீக்கிரம் படுத்திருப்பார் என்று போனை வைத்துவிட்டான்.

அந்தக் குரல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரை வந்தது. வெல்கோவுக்கு அப்போது நினைவு இருந்தது. "கடவுள் மன்னிக்கட்டும்டா" என்று சொன்னார். அவர் குரலுக்குத்தான் அவ்வளவு தூரம் போகத் தெம்பில்லை.

திங்கட்கிழமை ரொட்டி வண்டி வந்து மூன்று முறை ஹாரன் அடித்தது. வெல்கோ வரவில்லை. அவர் வீட்டுப் புகைபோக்கியில் புகையும் இல்லை. பென்கா கையிலிருந்த ரொட்டியை வண்டியிலேயே போட்டுவிட்டு, நான்கு மாதத்துக்குப் பிறகு அண்டைக் கதவுக்கு ஓடினாள். தள்ளினாள். இரண்டு ஆணி விடவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தால், கீழே அவர் குல்லா தெரிந்தது.

தெருவைச் சுற்றி ஓடினால், அங்கே புதுப் பூட்டு. ரொட்டிக்காரன் கதவில் ஏறிக் குதித்து, பூட்டு மாட்டியிருந்த கொக்கியை நெம்பி அவளை உள்ளே விட்டான். அந்த நிமிடத்தில்தான் கேமரா தன் வேலையைச் செய்தது. சைரன் ஊரையே எழுப்பியது. சோஃபியாவில் ஸ்டானிமிரின் போன் துள்ளியது.

"யார்ரா அது? போலீஸக் கூப்பிடுவேன்!" என்று சுவர் கத்தியது.

பென்கா நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். "கூப்பிடுடா தம்பி. அப்படியே பாதிரியாரையும் கூப்பிடு."

தெருக்கதவில் வெல்கோவின் படம் போட்ட மரண அறிவிப்பை ஒட்டினார்கள். நின்று படித்த ஒவ்வொருவரையும் கேமரா ஆள் நடமாட்டம் என்று ஸ்டானிமிருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அடக்கத்துக்கு முன்னால் அவன் பின்பக்கம் போய், பாக்கி இருந்த இரண்டு ஆணிகளைப் பிடுங்கினான். கதவு திறந்தது. சாவுச் சடங்குக்கு அவித்த கோதுமைப் பாத்திரத்தோடு பென்கா அந்தப்புறம் நின்றுகொண்டிருந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

"அத்தை, என்னை மன்னிச்சிருங்க."

"நான் யாருடா மன்னிக்க? தட்டினது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் ரேடியோவக் கூட்டி வெச்சவ நான்." பாத்திரத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் தாண்டி உள்ளே வந்தாள்.

சடங்குச் சாப்பாட்டின்போது, தெருக்கோடி வீட்டுச் சொந்தக்காரன் இலியா மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனும் சோஃபியாவில் வேலை பார்க்கிறவன்தான்.

"சமயம் இல்லதான். இருந்தாலும் கேக்கறேன். எந்த கேமராடா வாங்கின? எங்கம்மாவும் தனியா இருக்காங்க."

ஸ்டானிமிர் போனை எடுத்து, ஞாயிறு பதினோரு மணிப் பதிவை ஓட விட்டான். வெல்கோ குல்லாவைத் தூக்கினார், சொன்னார், திரையை விட்டு நகர்ந்தார். பிறகு வெறும் வாசல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இலியா கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எத வேணா வாங்கு இலியா. ஆனா மாட்டுறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்குப் போய் விஷயத்தச் சொல்லு. ஒரு சாவிய அவங்க கையில குடு. கேமரா திருடனக் காட்டும், விழுந்தவரத் தூக்காது. தூக்குற கை பக்கத்து வீட்டுலதான் இருக்கு. அது வர்ற வழியத்தான் நான் ஆணி வெச்சு அடிச்சேன்."